மிளகும் ஈயக்குண்டும் அம்மாவின் தலையும்

அம்மாவின் மூளை ஸ்கேன் அறிக்கை நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்களை டாக்டர் விளக்கினார். நான்காவது பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, கோப்பை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் உட்கார்ந்து பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். ஹிப்போகாம்பஸ், இரண்டு பக்கமும் சேர்த்து 5.3 மில்லிலிட்டர், அருகில் கீழ்நோக்கிய ஒரு சிவப்பு அம்பு. அட்டவணையின் கடைசியில், அம்புக்குறி எதுவும் இல்லாமல் இன்னொரு வரி: மொத்த மண்டையறைக் கொள்ளளவு 1,214 மில்லிலிட்டர்.

அம்மாவுக்கு 72 வயது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிறார். என் பெயரை இதுவரை மறந்ததில்லை. என் மகளை மட்டும் சில நாள் என் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஞாபகத்தைத் தேக்கி வைக்கும் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறது என்று அந்த அம்பு சொன்னது. நான் அறிக்கையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னவாம்? என் தலையில எவ்ளோ கொள்ளுமாம்?" என்று கேட்டார்.

"ஒன்னேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மிம்மா."

"அவ்ளோதானா!" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு நரம்பியல் நிபுணரிடம் போனோம். சீனப் பெண்மணி. அம்மாவிடம் மலாயில்தான் பேசினார். நான்காவது பக்கத்தை முதலில் புரட்டியவர் அவர்தான். பேனாவால் 5.3ஐ 1,214ஆல் வகுத்து ஓரத்தில் எழுதினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, "ஆன்ட்டி, கெப்பாலா கெச்சில்" என்றார். சிறிய தலை. சிறிய தலைக்குள் சிறிய ஹிப்போகாம்பஸ் இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்பு அம்பு, அம்மாவின் ஹிப்போகாம்பஸை அவரைவிடப் பெரிய தலை உள்ளவர்களுடையதோடு அப்படியே ஒப்பிட்டுப் போட்ட அம்பு. தலை அளவால் வகுத்துப் பார்த்தால், வயதுக்கு எதிர்பார்க்கக்கூடிய எல்லையின் கீழ்ப்பகுதியில் இருந்தது. "ஒரு வருஷம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்போம். அப்போதுதான் உண்மையாகவே சுருங்குகிறதா என்று தெரியும்."

மூளை வயதோடு சுருங்கும். மண்டையோடு சுருங்காது. குழந்தைப் பருவத்தில் மூளை வளர வளர அது உள்ளிருந்து தள்ளித் தள்ளி மண்டையோட்டைப் பெரிதாக்குகிறது. பதின்ம வயதுக்குப் பிறகு அந்த அளவு ஏறக்குறைய நின்றுவிடும். அதன்பின் உள்ளே மூளை இளைத்தாலும் காலியான இடத்தைத் தண்டுவட நீர் நிரப்பிக்கொள்ளும், சுவர் அசையாது. ஆகவே மண்டையறைக் கொள்ளளவு என்பது அம்மாவின் மூளை அதன் உச்சத்தில் எவ்வளவு இருந்தது என்பதற்கான சாட்சி. இருபது வயதில் யாரும் அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. அந்த ஸ்கேனுக்குப் பதிலாக மண்டையோடு இருக்கிறது.

வீட்டில் இதை அம்மாவுக்கு விளக்கப் போய், விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் கிராணி வாளியை அளந்துவிட்டு அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார். மெட்ரோலாக்கை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்து, அதன்படிதான் கணக்கு. "வாளி நெறைய இருந்தா பத்தாது, மழ பேஞ்ச அன்னிக்குத் தண்ணிதான் நிக்கும்" என்றார். அளவு என்றால் எதற்கு எவ்வளவு என்பதுதான் என்று அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனால் அந்த 1,214 என்னை விடவில்லை. அறிவியல் வரலாறு படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த எண் வெறும் எண் அல்ல. 'இந்தத் தலையில் எவ்வளவு கொள்ளும்' என்ற அம்மாவின் கேள்வியை ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான தலைகளிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் என்ற மருத்துவர் 1830களில் மண்டையோடுகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1851இல் அவர் இறக்கும்போது உலகின் மிகப்பெரிய மண்டையோட்டுச் சேகரிப்புகளில் ஒன்று அவரிடம் இருந்தது. கல்லறைகளிலிருந்தும், போர்க்களங்களிலிருந்தும், ஏழைகளும் அடிமைகளும் இறந்த மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. அனுமதி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. 1839இல் 'கிரேனியா அமெரிக்கானா' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தலைக்குள் எவ்வளவு கொள்ளும் என்று அளக்க அவர் தேர்ந்தெடுத்த பொருள் வெள்ளை மிளகு. உருண்டையாக, கெட்டியாக, ஒரே அளவில் இருக்கும் என்பதற்காக. அதையும் சலித்தே பயன்படுத்தினார். மண்டையோட்டைத் தலைகீழாகப் பிடித்து, தண்டுவடம் நுழையும் அடித்துளை வழியாக மிளகைக் கொட்டி நிரப்பி, பிறகு அதை ஒரு தகர உருளையில் மாற்றி, கன அங்குலத்தில் அளவைப் படித்தார்.

அவர் வெளியிட்ட சராசரிகள் இவை: காக்கேசியர் 87, மங்கோலியர் 83, அமெரிக்கப் பூர்வகுடிகள் 82, மலாய் 81, ஆப்பிரிக்கர் 78. மலாய் என்பதை நம்ம ஊர் மலாய்க்காரர்கள் என்று படிக்கக் கூடாது. அது ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் புளூமன்பாக் வகுத்த ஐந்து இனங்களில் ஒன்று. பசிபிக் தீவுகள்வரை அதற்குள் அடக்கம். மார்ட்டனிடம் அந்தப் பெயரில் இருந்தவை வெறும் 18 மண்டையோடுகள். பதினெட்டுத் தலைகளை வைத்துக்கொண்டு பாதி சமுத்திரத்துக்குச் சராசரி போட்டார்.

இந்தியர்கள்? புளூமன்பாக்கின் வகைப்பாட்டில் இந்தியர்கள் காக்கேசியர். அங்கேதான் மார்ட்டனுக்குச் சிக்கல். அவரிடம் 17 'இந்து' மண்டையோடுகள் இருந்தன. அவற்றின் சராசரி 75 கன அங்குலம். எல்லாவற்றையும் சேர்த்தால் காக்கேசியர் சராசரி இறங்கிவிடும். 52 காக்கேசிய மண்டையோடுகளில் மூன்றே மூன்று இந்துக்களை மட்டும் சேர்த்தார். இதை அவர் மறைக்கவும் இல்லை. இவர்களுடைய தலை மற்றெல்லா மக்களுடையதையும்விடச் சிறியது, அதனால் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டேன் என்ற பொருளில் எழுதியே வைத்தார். மறுபக்கம், சிறிய தலை உடைய பெரு நாட்டு இன்கா மண்டையோடுகள் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சராசரியில் தாராளமாகச் சேர்ந்துகொண்டன. அங்கே சராசரி இறங்கியது அவரை உறுத்தவில்லை.

இந்தப் பகுதியைப் படித்த இரவில் நான் செய்த காரியத்தை ஒத்துக்கொள்கிறேன். கால்குலேட்டரை எடுத்து அம்மாவின் 1,214 மில்லிலிட்டரைக் கன அங்குலத்துக்கு மாற்றினேன். 74. மார்ட்டன் வேண்டாம் என்று ஒதுக்கிய குவியலுக்குள் கச்சிதமாகப் போய் விழுகிற தலை.

மிளகு பிறகு அவருக்குத் திருப்தி தரவில்லை. அது லேசானது, எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கூடுதலாகக் கொள்ளும். ஒரே தலையைத் திரும்ப அளந்தால் நான்கு கன அங்குலம்வரை வித்தியாசம் வந்தது. ஆகவே எட்டில் ஒரு அங்குல விட்டமுள்ள ஈயக்குண்டுகளுக்கு மாறினார். வித்தியாசம் ஒரு கன அங்குலத்துக்குள் அடங்கியது. ஓர் அளவையாளராக மார்ட்டனிடம் எனக்கு மரியாதை வருவது இந்த இடத்தில்தான். அவர் இறந்து மூன்று ஆண்டுகளில், 1854இல், நாட், கிளிடன் என்ற இருவர் அவருடைய எண்களை எடுத்து, அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கும் தடிமனான ஒரு புத்தகம் போட்டார்கள்.

அதே காலத்தில், அதே கேள்வியை வேறொருவர் கேட்டு வேறு பதில் சொன்னார் என்பது நம் பேச்சுகளில் அடிபடுவதே இல்லை. ஹைடல்பெர்க் பேராசிரியர் ஃபிரெடரிக் டீடமன். மண்டையோடுகளைத் தினையால் நிரப்பி எடை போட்டார். 1836இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், ஆப்பிரிக்கரின் மூளைக்கும் ஐரோப்பியரின் மூளைக்கும் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று எழுதினார். அடிமைமுறைக்கு எதிரான வாதமாகவே எழுதினார். மார்ட்டன் சராசரிகளைப் பார்த்தார். டீடமன் ஒவ்வொரு குழுவிலும் மிகச்சிறியது எது, மிகப்பெரியது எது என்று பார்த்தார். அப்படிப் பார்த்தால் எல்லாக் குழுக்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. மார்ட்டனின் எண்களிலும் அப்படித்தான்.

1978இல் ஸ்டீபன் ஜே கூல்ட் இந்தப் பழைய கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தார். 1981இல் 'மனிதனைத் தவறாக அளந்த கதை' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாகவும் எழுதினார். அவர் வாதத்தில் என்னைப் போன்ற வாசகர்கள் கிறங்கிப்போன இடம் ஒன்று உண்டு. மிளகிலிருந்து ஈயக்குண்டுக்கு மாறியபோது (கூல்ட் அதைக் கடுகு என்று எழுதினார்) எல்லாச் சராசரிகளும் உயர்ந்தன. ஆனால் ஆப்பிரிக்கத் தலைகளின் சராசரி ஐந்து கன அங்குலத்துக்கு மேல் உயர, காக்கேசியத் தலைகளுடையது இரண்டுகூட உயரவில்லை. ஏன்? வெள்ளையர் தலையில் மிளகைக் கொட்டும்போது மார்ட்டன் தன்னையறியாமல் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருப்பார், கறுப்பர் தலையில் அழுத்தியிருக்க மாட்டார் என்று கூல்ட் கற்பனை செய்தார். நான் கல்லூரியில் படித்தபோது அந்தக் கட்டைவிரல் எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. பல வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அந்தக் கட்டைவிரல் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. கூல்ட் ஒரு மண்டையோட்டைக்கூடத் தொட்டு அளக்கவில்லை. 2011இல் ஜேசன் லூயிஸும் உடனிருந்த மானுடவியலாளர்களும் 308 மண்டையோடுகளை மறுபடி அளந்து, ஈயக்குண்டால் மார்ட்டன் எடுத்த அளவுகள் பெரும்பாலும் சரியே, தவறியவையும் அவருடைய சாய்வுக்கு ஏற்பத் தவறவில்லை என்று காட்டினார்கள். 2018இல் பால் உல்ஃப் மிட்செல் மார்ட்டனின் கையெழுத்துக் குறிப்புகளைத் தேடிப் பிடித்தார். மிளகு அளவுகள் சாய்ந்திருக்கின்றன என்று கூல்ட் காட்டியது அவற்றோடும் பொருந்தவில்லை. ஆனால் மிட்செல் அதோடு நிறுத்தவில்லை. சாய்வு கட்டைவிரலில் இல்லை. எந்தத் தலைகளைச் சேர்ப்பது, எப்படிக் கூட்டுவது, கூட்டிய பிறகு அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் சொல்வது என்பதில் இருந்தது. மார்ட்டனோடு டீடமனைப் பக்கத்தில் வைத்து அதை அவர் நிறுவுகிறார். ஒருவர் மிகக் கவனமாக, மிகச் சரியாக அளந்துவிட்டு, மிகத் தவறான ஒன்றைச் சொல்ல முடியும். எனக்கு இது கட்டைவிரலைவிடப் பயமாக இருக்கிறது. கட்டைவிரலைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த அளவுக்கருவிகள் தமிழ்நாட்டுக்கும் வந்தன. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் தலையையும் அளக்கும் கவைகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அந்த எண்கள் கொட்டிக்கிடக்கின்றன. வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டு ஓடிய கதையை அவரே வேடிக்கையாகச் சொல்கிறார்: தங்களில் நல்ல உருப்படிகளைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கத்தான் இவன் வந்திருக்கிறான் என்று நினைத்தார்களாம். அவர் அதைச் சிரிப்பாக எழுதியிருக்கிறார். ஃபிலடெல்ஃபியாவின் அலமாரிகளை நினைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பெண்கள் நினைத்தது ஒன்றும் அபத்தமாகத் தெரியவில்லை. அவர் அளந்த பறையர்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும்தான் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் வந்தார்கள்.

உயிரோடிருக்கிறவரின் தலைக்குள் மிளகு கொட்ட முடியாது. அம்மாவின் 1,214 போன்ற எண்ணுக்கு நேரடி மூதாதை மார்ட்டனிடம் இல்லை. அது லண்டனில் ஆலிஸ் லீ என்ற கணிதப் பெண்ணிடம் இருக்கிறது. கார்ல் பியர்சனோடு வேலை செய்தவர். இறந்தவர்களின் மண்டையோடுகளில் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றுக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக்கினார். பிறகு அந்தச் சமன்பாட்டை உயிருள்ளவர்களின் தலைக்கு வெளியே எடுத்த அளவுகளில் போட்டு உள்ளே எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டார். நேரடியாக அளக்காமல் மதிப்பிடுவது என்ற யோசனை இங்கே முழு உருவம் பெறுகிறது.

அவர் அளந்தது மூன்று கூட்டங்களை: பெட்ஃபர்ட் கல்லூரி மாணவியர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆண் ஆசிரியர்கள், 1898இல் டப்ளினில் கூடிய 35 உடற்கூற்றியலாளர்கள். கடைசிக் கூட்டம்தான் ருசியானது. பெரிய தலைதான் பெரிய அறிவு என்ற நம்பிக்கை அந்தத் துறையில் ஊறிக்கிடந்த காலம். தங்கள் தலையை ஒரு பெண் அளப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பெயர் போட்டு வரிசைப்படுத்தி வெளியிட்டார் லீ. புகழ்பெற்ற யூலியுஸ் கோல்மன் கடைசி. எடின்பரோவின் சர் வில்லியம் டர்னர் அடியிலிருந்து எட்டாவது. மாணவியர் சிலரின் தலை, பேராசிரியர்கள் சிலரின் தலையைவிடப் பெரிது. தலையளவுக்கும் அறிவுக்கும் தொடர்பைக் காணோம் என்று 1901 கட்டுரையில் லீ எழுதியபோது, மறுப்பவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் சகாக்களின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மறுக்க வேண்டியிருந்தது. இதே டர்னர்தான் 1899 முதல் இந்தியப் பேரரசின் மக்களுடைய மண்டையோடுகளை அளந்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். அவர் மேசைக்கு வந்த நம்மவர் தலைகளில் எத்தனை அவருடையதைவிடப் பெரிது என்று யாராவது கணக்குப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

1970களில் எம்.ஆர்.ஐ வந்தது. பால் லாட்டர்பர் 1973இல் காந்தப்புலத்தால் முதல் படத்தைக் காட்டினார். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு. இப்போது தலைக்குள் எதையும் கொட்டாமலேயே பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, அளப்பது வேறு. வழக்கமாக எடுக்கும் டி1 வகைப் படத்தில் மூளை சாம்பல் நிறத்தில் அழகாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள நீர் கறுப்பு, அதற்கு வெளியே உள்ள எலும்பும் கறுப்பு. நீர் எங்கே முடிந்து எலும்பு எங்கே தொடங்குகிறது? கறுப்பில் கறுப்பைத் தேட வேண்டும். நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 படத்தில் இந்தச் சிரமம் குறைவு.

ஆரம்ப வழி, கையால் வரைவது. ரொட்டித்துண்டு போல அடுக்கியிருக்கும் படங்களில் ஒவ்வொன்றிலும் மண்டையறையின் ஓரத்தை மவுஸால் சுற்றி வரைந்து, பரப்புகளைக் கூட்டுவார்கள். பத்துக்கு ஒன்று வரைந்தாலே போதுமான துல்லியம் வந்துவிடும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். வரைபவரைத் திணறடிக்கும் இடம் அடிப்பகுதி: மண்டையறை எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கோடு விழுவது, மார்ட்டன் மிளகைக் கொட்டிய அதே துளையில்.

ஆயிரம் பேரைக் கையால் வரைய முடியாது. 2004இல் ராண்டி பக்னரும் குழுவினரும் ஒரு குறுக்குவழியைக் கையால் வரைந்த அளவுகளோடு ஒப்பிட்டு நிறுவினார்கள். மூளை ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருளில் இருப்பது அந்த வழிதான். ஒரு வார்ப்புத் தலையை எடுத்துக்கொள்கிறது. உங்கள் தலைப் படத்தை அதன்மேல் பொருந்தும்வரை நீட்டியும் சுருக்கியும் பார்க்கிறது. எவ்வளவு நீட்ட வேண்டியிருந்ததோ அதிலிருந்து, ஒரு மாறிலியை வகுத்து, உங்கள் கொள்ளளவைச் சொல்கிறது. எல்லையைத் தேடுவதே இல்லை. தையல்காரர் அளவுச் சட்டையைப் போட்டுப் பார்த்து, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணுவதுபோல.

அந்த அளவுச் சட்டை யாருடையது? மூளை வரைபடங்களின் ஆதாரமாக நெடுங்காலம் இருந்த 1988ஆம் ஆண்டின் தலைராக் அட்லஸ், அறுபது வயதுப் பெண் ஒருவரின் இறந்த மூளையிலிருந்து செய்தது. அடுத்து வந்த எம்.என்.ஐ 305 என்ற வார்ப்பு, மாண்ட்ரியாலில் எடுத்த 305 பேரின் ஸ்கேன்களின் சராசரி. 239 ஆண்கள், 66 பெண்கள், சராசரி வயது இருபத்துமூன்று சொச்சம். ஃப்ரீசர்ஃபர் பொருத்திப் பார்ப்பது இந்த 305 பேரோடுதான்.

ஒரு வருடம் கழிந்து அம்மாவுக்கு இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். முதல் இயந்திரம் பழுதுபார்ப்பில் இருந்ததால் வேறொன்றில். அறிக்கை வந்தது. ஹிப்போகாம்பஸ் 5.2. மண்டையறை 1,251.

நான் முதலில் விகிதத்தைத்தான் பார்த்தேன். அறிக்கையும் அதைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முதல் வருடம் 5.3ஐ 1,214ஆல் வகுத்தால் 0.437 சதவீதம். இந்த வருடம் 5.2ஐ 1,251ஆல் வகுத்தால் 0.416. ஒரே வருடத்தில் ஏறக்குறைய ஐந்து சதவீதச் சரிவு. அல்ஸைமர் நோயாளிகளுக்கு ஹிப்போகாம்பஸ் வருடத்துக்குச் சராசரியாக 4.7 சதவீதம் அளவில் சுருங்குகிறது, அதே வயது ஆரோக்கியமானவர்களுக்கு 1.4 என்று முன்பே படித்து வைத்திருந்தேன். அரைகுறையாகப் படித்தவர்களுக்கே வரும் பயம் அன்று இரவு எனக்கு வந்தது. தங்கைக்கு போன் பண்ணி அழுதேன்.

கண்டுபிடித்தவன் என் மருமகன், தம்பி மகன். பொறியியல் படிக்கிறான். குறுந்தட்டில் இருந்த படங்களைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, "அத்தை, இது ராத்திரி முழுக்க ஓடும், பிளக்கைப் பிடுங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். காலையில் எண்கள் வந்தன. அவன் கவனித்தது விகிதத்தை அல்ல. "பாட்டியோட மண்டை எப்படி ஒரு வருஷத்துல முப்பத்தேழு மில்லி வளரும்?"

வளராது. அசையாதது என்பதற்காகத்தானே அதை வகுக்கும் எண்ணாக வைத்தோம். அது மாறியிருந்தால் மாறியது அம்மாவின் தலை அல்ல, அளவுகோல். முதல் ஸ்கேனில் அம்மா அசைந்திருந்தார். படம் லேசாகக் கலங்கலாக இருந்தது. இயந்திரமும் வேறு. முப்பத்தேழு மில்லிலிட்டர் என்பது இரண்டே கால் கன அங்குலம். மார்ட்டனின் ஈயக்குண்டே இதைவிட நிதானமாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இரண்டு வருடத்துக்கும் ஒரே கொள்ளளவை வைத்தால் ஹிப்போகாம்பஸின் சரிவு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். அவர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு மருமகன் சொன்னதை ஒப்புக்கொண்டார். ஞாபகப் பரிசோதனையின் மதிப்பெண்ணும் போன வருடத்தைவிட ஒன்றுதான் குறைந்திருந்தது.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும், அது இன்னும் மோசம். வார்ப்போடு பொருத்தும்போது மென்பொருளின் கண்ணில் அதிகம் படுவது மூளைதான், எலும்பு அல்ல. மூளை நிஜமாகவே சுருங்கியவருக்கு அது மண்டையறையையும் கொஞ்சம் சிறிதாக மதிப்பிட்டுவிடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலே உள்ள எண்ணும் குறையும், கீழே உள்ளதும் குறையும். விகிதம் ஒன்றும் ஆகாததுபோல நிற்கும். நோய் அந்த வகுத்தலுக்குள் ஒளிந்துகொள்ளும். புள்ளியியலில் இப்படிப்பட்ட எண்ணைத் தொல்லை மாறி என்பார்கள்: அதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் ஆர்வமில்லை, வகுத்துத் தள்ளிவிட மட்டும் வேண்டும். இனங்களை வரிசைப்படுத்த ஒரு காலத்தில் எல்லாமாக இருந்த எண், இன்று தலையளவு என்ற வித்தியாசத்தை அழித்துவிட்டு ஒருவரின் மூளையைப் பார்க்க உதவும் தொல்லை. இந்தத் தலைகீழ் மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆர்வமில்லாத எண்ணை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதை நான்காவது பக்கத்தில் பார்த்துவிட்டேன்.

2019இல் ஹைதராபாத்தின் ஐ.ஐ.ஐ.டி நிறுவனத்தார் நூறு இந்தியர்களின் ஸ்கேன்களிலிருந்து ஓர் இந்திய மூளை வார்ப்பை உருவாக்கினார்கள். ஐம்பது ஆண்கள், ஐம்பது பெண்கள், இருபதுகளில் உள்ளவர்கள். மேற்கத்திய, சீன, கொரிய வார்ப்புகளோடு ஒப்பிட்டால் சராசரியாக உயரம், அகலம், கொள்ளளவு மூன்றிலும் இது சிறியது. நம்மவரின் ஸ்கேனை மாண்ட்ரியால் வார்ப்பில் போட்டு, ஆரோக்கியமான தலையில் நோயைக் கண்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த வேலை. செய்தித் தலைப்புகளோ 'இந்தியர் மூளை சிறியது' என்று வந்தன. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மாமா அதை அனுப்பி, கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அப்போது நானும் ஒரு பொம்மை போட்டேன். அம்மாவின் நான்காவது பக்கத்தை இன்னும் பார்க்காத காலம்.

மார்ட்டனின் சேகரிப்பை வைத்திருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 2021இல் மன்னிப்புக் கேட்டு, மண்டையோடுகளை அவரவர் சமூகங்களிடம் திருப்பித் தரும் வேலையைத் தொடங்கியது. அந்தப் பதினேழு 'இந்து'க்களை யார் போய்க் கேட்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

அம்மாவின் அடுத்த ஸ்கேன் நவம்பரில். அதே இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கேட்டு, குறிப்பில் எழுதி வாங்கிக்கொண்டோம். தலை அசையாமல் இருக்க வேண்டும் என்று நான் அம்மாவிடம் இப்போதிருந்தே சொல்லத் தொடங்கிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம்.

"நான் எங்கடி அசைஞ்சேன்? மொத தடவ கொண்டைய அவுக்காமலே படுக்க வச்சுட்டாங்க. பின்னாடி உருட்டிக்கிட்டே இருந்துச்சு. இந்தத் தடவயாச்சும் மொதல்லயே அவுத்துவிடச் சொல்லு."

அந்தக் கொண்டையைப் பற்றி அறிக்கையின் நான்கு பக்கத்தில் எங்கும் ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு மட்டும் அது ஞாபகம் இருந்தது.